காளவாய் மேட்டுக் குழாயின் ஆயுள்

அரசாணையில் அந்தக் கணினி நிரலின் பெயர் நீர்க்கணி. மாநகராட்சி நீர்ப் பிரிவில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. ஜோசியர் என்றுதான் சொல்வார்கள். "ஜோசியர் இன்னிக்கு என்ன சொல்றார்?" என்று கேட்டால்தான் அங்கே காலை டீ தொண்டையில் இறங்கும். ஆனால் நிஜ ஜோசியருக்கு இருக்கும் நாசூக்கு அதற்குக் கிடையாது. பரிகாரம் சொல்லாது, கிரகத்தின் மேல் பழி போடாது. நகரத்துக்கு அடியில் ஓடும் எழுநூறு கிலோமீட்டர் குழாயில் எந்தத் துண்டு எந்த நாள் உடையும் என்று தேதி போட்டுச் சொல்லிவிடும். நான்கு வருடமாகச் சொல்கிறது. அநேகமாகத் தப்பியதில்லை.

செயற்பொறியாளர் சுகந்தி அன்று காலை முழுக்க ஒரே ஒரு தேதியை வெறித்துக்கொண்டிருந்தாள். காளவாய் மேடு, மெயின் குழாய், புதைத்த வருடம் 1969. உடையும் நாள் 31 மே 2044.

நடந்துகொண்டிருந்தது 2042 ஜனவரி. இன்னும் இரண்டு வருடத்துக்கு மேல் அந்தக் குழாய்க்கு ஒன்றும் ஆகாது என்கிறார் ஜோசியர். சுகந்திக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அந்த இரும்பைக் கையால் தொட்டுப் பார்த்தவள் அவள். டீயில் ஊறிய பிஸ்கட் மாதிரி விரலோடு வரும். பக்கத்திலேயே, ஒரு முழம் தள்ளி, சாக்கடை வேறு ஓடுகிறது. மேட்டில் நாலாயிரம் வீடு.

மார்ச் 31 அன்று, மாற்ற வேண்டிய குழாய்களின் பட்டியல் மூடப்படும். 2043 முடிவதற்குள் உடையும் என்று ஜோசியர் சொல்லும் குழாய்களுக்கு மட்டும்தான் கடன், அவற்றுக்கு மட்டும்தான் புதுக் குழாய். மற்றவை ஐந்து வருடம் கழித்து வரும் அடுத்த பட்டியலைப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். 2044-இல் உடைவதை 2047-இல் சரிசெய்தால் போதும் என்பது கடன் கொடுப்பவர்களின் கணக்கு. அவர்கள் வீட்டுக் குழாய் வேறு ஊரில் இருக்கிறது.

"நிரஞ்சன், இந்த ஒரு குழாயை மட்டும் சேர்த்துடுங்க," என்றாள்.

எதிர் மேஜையிலிருந்த நிரஞ்சன் கடன் பத்திர நிறுவனத்தின் ஆள். முப்பது வயது நிரம்பவில்லை, அதற்குள் கண்ணுக்குக் கீழே கருவளையம். ஊர் ஊராகப் போய் இதே மாதிரிப் பட்டியல் போட்டுப் போட்டுக் களைத்தவன்.

"முடியாது மேடம். ஒரே ஒரு தெருவை நம்ம கையால சேர்த்தாலும் மொத்தப் பட்டியலும் செல்லாது. போன தடவை கவுன்சிலருங்க அவங்கவங்க தெருவை நுழைச்சு, நல்ல குழாயைத் தோண்டி எடுத்துட்டு நல்ல குழாயைப் போட்டாங்க. அதுல சூடு பட்டவங்க கடன் கொடுக்கறவங்க. மனுஷக் கை படாத பட்டியல்னாதான் பணம்னு சொல்லிட்டாங்க."

"அது தப்பா சொல்லுதே."

"காரணம் கேட்டுப் பாப்போம்," என்று அவள் பக்கமாகக் குனிந்து பொத்தானைத் தட்டினான்.

திரையில் மூன்று வரி வந்தது. உலோகம்: மிக மோசம். பராமரிப்பு உறுப்பு: ஒன்று, நல்ல நிலை. அதன் எஞ்சிய பணிக்காலம்: 28 மாதம்.

"பராமரிப்பு உறுப்புன்னா என்ன? வால்வா?"

"ஒரு நம்பர் போட்டிருக்கு மேடம். 40718. எந்தக் கருவிக்கும் இப்படி நம்பர் கிடையாதே."

சுகந்திக்கு அந்த எண்ணை யாரும் சொல்லத் தேவையில்லை. மாதாமாதம் அந்த எண்ணுக்கு எதிரே வருகைப் பதிவில் கையெழுத்துப் போடுகிறவள் அவள்தான். அது மாசிலாமணி. காளவாய் மேட்டு லைன்மேன். வால்வைத் திறந்து மூடுகிற மனிதர். ஓய்வு பெறும் நாள் 31 மே 2044.

நிரஞ்சன் இன்னும் நாலைந்து பக்கம் புரட்டிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னான். "ஒவ்வொரு வால்வுக் குழியிலயும் எலுமிச்சம்பழம் சைஸ்ல ஒரு கருவி வச்சிருக்கோமே, ஒழுகற சத்தத்தைக் கேக்க. அது ஒழுகலையும் கேட்டிருக்கு, பின்னாடியே வர்ற சுத்தியல் சத்தத்தையும் கேட்டிருக்கு. அந்த நேரத்துல எந்த ஊழியரோட போன் பக்கத்துல இருந்துச்சுன்னு பாத்திருக்கு. எல்லாத் தடவையும் ஒரே ஆள். அதனால அவரையும் குழாயில ஒரு பார்ட்டா சேத்துடுச்சு. அவர் இருக்கற வரைக்கும் குழாய் தாங்கும். கணக்கு சரியாத்தான் மேடம் இருக்கு."

"தெருக்காரங்க யாராவது தட்டினா?"

"தெருவுல யார் எதைத் தட்டினாலும் இரைச்சல்னு தள்ளிடும். சம்பளப் பட்டியல்ல இருக்கற ஆள்னாதான் நாளைக்கும் வருவார்னு நம்பும்."

அவன் குரலில் கொஞ்சம் வியப்புகூட இருந்தது. சுகந்தியால் வியக்க முடியவில்லை. ஏனென்றால் இந்த வம்பைத் தொடங்கி வைத்தவள் அவள்தான்.

இருபத்தைந்து வருடத்துக்கு முன்பு அவள் அந்த வார்டுக்கு உதவிப் பொறியாளராகப் போனாள். ஒரு நாள் விட்டு ஒரு நாள், விடியற்காலை இரண்டு மணி நேரம் தண்ணீர். குழாய் ஒழுகினால் விதி என்னவென்றால், புகார்ப் பதிவேட்டில் எழுத வேண்டும், அடைப்பதற்கு அனுமதி வாங்க வேண்டும், ஒப்பந்தக்காரர் வர வேண்டும். ஆக, மூன்று நாள் மேட்டுக்கே தண்ணீர் கிடையாது. மாசிலாமணி அதையெல்லாம் செய்யவில்லை. தண்ணீர் வராத நாளில் தோண்டி, ஒழுகுகிற இடத்தில் டயர் டியூப் ரப்பரைச் சுற்றி, மேலே இரும்புக் கிளாம்பு போட்டு, சுத்தியலால் தட்டி முறுக்கி, மண்ணை மூடிவிட்டுப் போய்விடுவார். மறுநாள் தண்ணீர் வரும்.

"எழுதினா மூணு நாள் அடைப்பாங்க மேடம். எழுதலன்னா மூணே மணி நேரம்," என்றார் அப்போது.

"அப்ப எழுதாதீங்க," என்றாள் சுகந்தி.

அதில் இரக்கம் இருந்தது, பொய்யில்லை. ஆனால் இரக்கம் மட்டும்தான் இருந்தது என்று அவளால் சத்தியம் செய்ய முடியாது. மூன்று வருடம் தொடர்ந்து 'புகாரில்லா வார்டு' கேடயம் அவளுக்குத்தான் கிடைத்தது. பதவி உயர்வும் வந்தது. கேடயங்கள் இப்போதும் அவள் முதுகுக்குப் பின்னால் அலமாரியில் இருக்கின்றன. பழக்கம் நிலைத்துவிட்டது. காளவாய் மேட்டுப் பதிவேட்டில் இன்றுவரை ஒரு புகார் இல்லை. நகரத்திலேயே கேடுகெட்ட குழாய், காகிதத்தில் நகரத்திலேயே உத்தமமான குழாய்.

மத்தியானம் ஜீப்பை எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் போனாள். மாசிலாமணி வால்வு அறையில் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இருவருக்கும் இரண்டு வயதுதான் வித்தியாசம். ஆனால் இருபத்தைந்து வருடத்தில் அவர் ஒரு தடவைகூட அவள் எதிரில் உட்கார்ந்தபடி பேசியதில்லை. அன்றும் டப்பாவோடு எழுந்து நின்றார்.

"சாப்பிடுங்க மாசிலாமணி. அப்புறம் சொல்றேன்."

"சும்மா சொல்லுங்க மேடம். உங்க மூஞ்சியைப் பாத்தா எனக்குச் சோறு இறங்காது."

அவள் சொன்னாள். ஜோசியர், சுத்தியல் சத்தம், 40718, மே 31, எல்லாவற்றையும். அவர் முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

"அப்ப நான் செஞ்சதுதான் தப்பா?"

"நான் சொல்லித்தான செஞ்சீங்க."

"நீங்க சொல்லலன்னாலும் செஞ்சிருப்பேன்," என்றார். டப்பாவை மூடி ஓரமாக வைத்தார். "என்னைக் கழட்டிட்டாதான் குழாயை மாத்துவாங்களா?"

சுகந்தி வால்வு சக்கரத்தில் பூசியிருந்த கிரீஸைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வெட்கமாக இருந்தது அவளுக்கு.

"கேக்கத்தான வந்தீங்க? கேளுங்க மேடம்."

"எனக்குக் கேக்க வாய் வரல."

"ரெண்டு வருஷச் சம்பளம் போகும். பென்ஷனும் குறையும்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "போனாப் போவுது. ஆனா ஒண்ணு, நான் இங்க இருந்தா கை சும்மா இருக்காது. யாராவது வந்து மாசி அண்ணேன்னு கூப்பிட்டா சுத்தியலைத் தூக்கிட்டுப் போயிடுவேன். ஓசூர்ல மக வீட்டுக்குப் போயிடறேன். விருப்ப ஓய்வுக்கு நீங்களே எழுதிக் குடுங்க, கையெழுத்துப் போடறேன்."

அவளே எழுதிக் கொடுத்தாள். ஆணையரிடம் நடையாய் நடந்து பிப்ரவரி 28-ஆம் தேதியே அவரை விடுவிக்கவும் செய்தாள். பாராட்டு விழா வேண்டாம் என்றுவிட்டார். மேட்டு ஜனங்களிடம் சொல்லிக்கொள்ளாமல் பஸ் ஏறினார், சொன்னால் விடமாட்டார்கள் என்று.

மார்ச் முதல் தேதி காலையில் திரையில் தேதி மாறியிருந்தது. காளவாய் மேடு, உடையும் நாள் 15 மார்ச் 2042. பட்டியலில் நான்காவது இடம். நிரஞ்சன் அவளைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்தினான். சுகந்திக்கு அன்று டீ குடிக்கத் தோன்றவில்லை.

மார்ச் 15 அன்று, ரேஷன் கடைக்கு எதிரே, குழாய் உடைந்தது.

இனிமேல் செய்ய வேண்டியது ஒன்றும் இல்லை, சும்மா இருக்க வேண்டியதுதான். மாற்றப்போகும் குழாயைப் பழுதுபார்த்துப் பணத்தை வீணாக்கக் கூடாது என்று விதியே இருக்கிறது. 31-ஆம் தேதி பட்டியல் மூடினால், ஏப்ரல் முதல் வாரத்தில் தரைக்கு மேலேயே தற்காலிக பிளாஸ்டிக் லைன் வந்துவிடும். மழைக்கு முன்னால் புதுக் குழாய். பதினாறு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தால் அறுபது வருடத்துக்குக் கவலையில்லை. தினம் எட்டு லாரித் தண்ணீருக்கு ஏற்பாடு செய்துவிட்டு, போக வேண்டாம், போனால் மனசு கேட்காது என்று அலுவலகத்திலேயே இருந்தாள்.

எட்டாவது நாள் ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் வந்தது. மேட்டிலிருந்து மூன்று குழந்தைகள், வாந்தி பேதி. அதில் ஒன்றுக்கு மோசம்.

"கேஸ் வந்தா அந்தத் தெருவோட இடம் இன்னும் மேல ஏறும் மேடம்," என்றான் நிரஞ்சன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே உறைத்திருக்க வேண்டும். தலையைக் குனிந்துகொண்டான். சுகந்தி பையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

லாரி மேட்டில் ஏறவில்லை. ஏற்றத்தில் சறுக்குகிறது என்று அடிவாரத்திலேயே நிறுத்தியிருந்தார்கள். தெருவில் இருந்த ஆண் பெண் எல்லாம் குடத்தோடு அங்கே வரிசையில் நின்றார்கள். மேலே ரேஷன் கடைக்கு எதிரில் ஒரு பள்ளம். உடைந்த குழாயிலிருந்து கசிந்த தண்ணீரும் சாக்கடை நீரும் அதில் ஒன்றாகக் கலந்து நின்றன. பள்ளத்து விளிம்பில் பிளாஸ்டிக் சொம்புகள் கிடந்தன. மேட்டை விட்டு இறங்க முடியாதவர்கள் இதைத்தான் மொண்டிருக்கிறார்கள்.

பள்ளத்துக்குள் முழங்கால் சேற்றில் இட்லிக்கடைத் தவமணி நின்றாள். அறுபது வயது. கையில் ஒரு பழைய கிளாம்பு, தோளில் டியூப் ரப்பர். தண்ணீரை வாளியால் இறைத்துத் தெருவில் கொட்டி, உடைசலைக் கண்டுபிடித்திருந்தாள்.

"என்னக்கா பண்றீங்க?"

"பாத்தா தெரியல? கட்டுறேன். மாசி அண்ணனுக்கு எத்தனை வருஷம் மறுபக்கம் பிடிச்சிருக்கேன். பிடிச்சுப் பிடிச்சு எனக்கே தெரிஞ்சுபோச்சு. ஆனா ஒத்தக் கையால முறுக்க வரல, வழுக்குது. எல்லாரும் கீழ லாரிக்குப் போயிருக்காங்க."

"வேண்டாம்க்கா. இன்னும் எட்டே நாள். எட்டு நாள் இது இப்படியே கெடந்தா புதுக் குழாய் வரும். கட்டிட்டா வராமப் போயிடுமோன்னு பயமா இருக்கு."

தவமணி நிமிர்ந்து பார்த்தாள். கோபம்கூட இல்லை அந்த முகத்தில், அலுப்புதான் இருந்தது.

"நீங்க சொல்றது புரியுது மேடம். புதுக் குழாய் வேணாம்னு யார் சொன்னா? ஆனா எம் பேத்தி ஆஸ்பத்திரில கெடக்கா. நான் இதைக் கட்டலன்னா நாளைக்கு இன்னொரு புள்ள இதுலதான் மொண்டு குடிக்கும். எட்டு நாளும் நீங்க இங்க நின்னு காவல் காப்பீங்களா?"

சுகந்தி கீழே லாரி வரிசையைப் பார்த்தாள். திரும்பிப் போய்விடலாம். இன்னும் ஒரு மணி நேரத்தில் வரிசையிலிருந்து யாராவது வருவார்கள், கட்டிவிடுவார்கள். ஆனால் அதை யோசிக்கிற நிதானம் அவளுக்கு அப்போது இல்லை. இருபத்தைந்து வருடத்துக்கு முன்பும் இருந்ததில்லை. செருப்பைக் கழற்றினாள், சேலையைத் தூக்கிச் செருகினாள், பையைத் தோளில் குறுக்காக மாட்டியபடியே பள்ளத்தில் இறங்கினாள்.

"இப்படிப் பிடிங்க. ரப்பர் நகராம. ஆங், அப்படித்தான்," என்றாள் தவமணி. போல்ட்டை முறுக்கினார்கள். கடைசியாக நாலு தட்டுத் தட்ட வேண்டியிருந்தது. தவமணிக்குத் தோள் வலி. சுத்தியலைச் சுகந்திதான் வாங்கினாள்.

மறுநாள் தண்ணீர் வந்தது. பதினொரு மணிக்கு நிரஞ்சன் அவள் அறைக்கு வந்து கதவைச் சாத்தினான்.

"யார் மேடம் நேத்து அங்க வேலை செஞ்சது?"

"தெருக்காரங்க. வெளி ஆளைக் கணக்குல எடுக்காதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

"எடுக்காது. அவங்க மட்டும் செஞ்சிருந்தா இரைச்சல்னு தள்ளிருக்கும்." திரையை அவள் பக்கம் திருப்பினான்.

காளவாய் மேடு. உலோகம்: மிக மோசம். பராமரிப்பு உறுப்பு: ஒன்று. உடையும் நாள் 30 ஜூன் 2046.

பட்டியலில் அந்தத் தெரு இல்லை. நான்காவது இடத்தில் வேறு ஏதோ தெரு ஏறியிருந்தது.

அது அவளுடைய தேதி. அவள் ஓய்வு பெறும் நாள். பைக்குள் இருந்த போனை அவள் நினைக்கவே இல்லை. பத்தடி தள்ளி வால்வுக் குழியில் எலுமிச்சம்பழம் கேட்டுக்கொண்டிருந்ததையும் நினைக்கவில்லை. கையில் சுத்தியலைக் கொடுத்தார்கள், தட்டிவிட்டாள்.

"நாலு தட்டு நிரஞ்சன். ஒரே ஒரு நாள்."

"மாசிலாமணியை நம்ப அதுக்கு நூறு தடவை தேவைப்பட்டிருக்கும். இப்ப அதுக்குப் பழகிடுச்சு மேடம். ஒருத்தர் போனதும் சுத்தியலை எடுத்த ஊழியர்தான் அடுத்த ஆள்னு எடுத்துக்கிச்சு," என்றான். "சாரி மேடம். இதை நான் தொட முடியாது." கதவைச் சாத்தாமல் வெளியே போனான்.

சுகந்தி வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். அது தெரிந்ததுதான் கஷ்டமாக இருந்தது. இரண்டு மாதத்தில் மேற்பார்வைப் பொறியாளர் பதவி வருகிறது. அந்த மாநகராட்சியில் அந்த நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்ததில்லை. அதற்காகவே வீடு, விசேஷம், உடம்பு எல்லாவற்றையும் ஆறப்போட்டவள். வேலையைத் தவிர வேறு எதுவும் செய்யத் தெரியாதவள். இனிமேல் காலையில் எழுந்து எங்கே போவாள்? மாசிலாமணியிடம் ஜனவரியில் இந்தக் கேள்வியை அவள் கேட்கவில்லை என்பதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

போனை எடுத்து ஓசூருக்குப் போட்டாள்.

"மேடம்! நல்லா இருக்கீங்களா? குழாய் எப்ப வருது?"

பின்னால் பிரஷர் குக்கர் சத்தம் கேட்டது. அவருக்கு என்ன சொல்வது என்று யோசித்தாள். கடைசியில் தேதியை மட்டும் சொன்னாள். "2046 ஜூன் முப்பதாம் தேதிதான் உடையுமாம்."

 தேதிகளை அவரும் அறிந்தவர்தான். ஆபீஸில் யார் யார் எப்போது ஓய்வு என்பது எல்லா லைன்மேனுக்கும் மனப்பாடம்.

"சுத்தியலைத் தொட்டீங்களா மேடம்?"

"தொட்டுட்டேன்."

"யாருக்காக?"

"தவமணிக்கா பேத்தி ஆஸ்பத்திரில இருக்கு."

"நானா இருந்தாலும் தொட்டிருப்பேன்," என்றார். பிறகு, "எனக்கு எதுக்கு போன் போட்டீங்க? கேளுங்க."

"கேக்க ஒண்ணுமில்ல மாசிலாமணி. யார்கிட்டயாவது சொல்லணும்னு தோணுச்சு."

"பேப்பர் இருக்கா பக்கத்துல?"

"இருக்கு."

"அப்ப எழுதுங்க மேடம்," என்றார் அவர். "எனக்கு நீங்க எழுதிக் குடுத்தது அப்படியே ஞாபகம் இருக்கு. 'சொந்தக் காரணங்களை முன்னிட்டு விருப்ப ஓய்வு...' இன்னும் ஏழு நாள் இருக்கு. ஆணையர் இன்னிக்குச் சாயந்தரம் வரைக்கும் ஆபீஸ்ல இருப்பாரு."

போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு, சுகந்தி பேனாவைத் திறந்தாள். ஓசூரிலிருந்து அவர் ஒவ்வொரு வரியாகச் சொல்லச் சொல்ல, அவள் எழுதினாள். இருபத்தைந்து வருடத்தில் காளவாய் மேட்டைப் பற்றி அவள் கைப்பட எழுதிய முதல் புகார் அதுதான்.